காற்றடிக்கும் பக்கம்

புதன்கிழமை மழை பெய்தது. காரணம் அவ்வளவுதான். பின்னால் வேர்லா வேறு காரணங்களையும் தேடிப் பார்த்தாள்: முழங்கால் வலி, ஸ்பெயினில் பயிற்சி முடித்து வந்த அலுப்பு. எதுவும் ஒட்டவில்லை. மழை பெய்தது, ஹாவன்கெர்க் சந்தைத் திடலில் ஒரு காபிக்கடை கதகதப்பாக இருந்தது, அவள் ஒரு வாஃபிளை வாங்கிக்கொண்டு சன்னலோரம் உட்கார்ந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைச் சைக்கிள் பந்தயத்தின் கடைசி முப்பது கிலோமீட்டரை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் அணி மேனேஜர் லுக் அவளை அனுப்பியிருந்தார். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைதான் வருவார்கள். அந்த ஊர்க்காரி நீதானே, நீ பார்த்தால் போதும் என்று சொல்லியிருந்தார்.

அந்த முப்பது கிலோமீட்டரில் வுல்வன்டாம் கிராமம் இருக்கிறது. அவள் பிறந்த ஊர். கால்வாய்க் கரையோரம் போகும் அந்த நேர்ச்சாலையில் பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள் மிதித்தவள். தன் வீட்டு வாசலைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்று யாராவது ஆள் அனுப்புவார்களா? வாஃபிளை முடித்து, விரலில் ஒட்டிய சர்க்கரையை நக்கிவிட்டு, லுக்குக்கு ஒரு செய்தி தட்டினாள். "பார்த்துட்டேன். எதுவும் மாறல."

லுக் மோசமான ஆள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கறார். பந்தயப் பருவம் தொடங்கும்போது எல்லோரையும் உட்கார வைத்துச் சொல்வார்: "தோத்துட்டு வாங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன். கீழ விழுந்து சைக்கிள உடைச்சுட்டு வாங்க, அதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேன். பாக்காத ரோட்டப் பாத்தேன்னு சொன்னா மட்டும் அன்னிக்கே மூட்டையக் கட்டு." வெறும் பேச்சு இல்லை. போன வருஷம் ஒரு பெண்ணை அப்படித்தான் அனுப்பினார். அவள் இடம்தான் வேர்லாவுக்குக் கிடைத்தது. அதுவும் அணித்தலைவி யோரிண்டா விடாப்பிடியாக நின்று வாங்கித் தந்த இடம். "இவளுக்கு எங்க எந்தப் பக்கம் காத்து அடிக்கும்னு தூக்கத்துல கேட்டாலும் தெரியும்" என்று யோரிண்டா லுக்கிடம் சொன்னாளாம்.

யோரிண்டாவுக்கு முப்பத்தாறு வயது. இந்தப் பந்தயத்தில் இரண்டுமுறை இரண்டாவதாக வந்திருக்கிறாள், ஒருமுறை மூன்றாவதாக. வருகிற அக்டோபரோடு சைக்கிளைச் சுவரில் மாட்டப் போகிறாள். ஜெயிக்க இதுதான் கடைசி வாய்ப்பு. சனிக்கிழமை சாப்பாட்டு மேசையில் வேர்லா கத்தியையும் முள்கரண்டியையும் வைத்து வழி காட்டியபோது அவள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"இது வுல்வன்டாம். பாலத்து முனை. பாலத்துல ஏறக் கூடாது, அதுக்கு முன்னாடியே இடதுபக்கம் திரும்பணும். திரும்பினா வலதுபக்கம் கால்வாய். ஒம்போது கிலோமீட்டர் நேர் ரோடு. காத்து இடதுபக்கத்துல இருந்து வரும். ஆனா முதல் மூணு கிலோமீட்டருக்கு இடதுபக்கம் பாப்ளர் மரம் சுவர் மாதிரி நிக்கும். அங்க ஒரு இலை கூட அசையாது. மத்தவளுங்க எல்லாம் பாலத்து முனைக்கு முன்னாடியே முன்வரிசை இடத்துக்கு அடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டு வருவாளுங்க. நாம சாவகாசமா பின்னாடி இருந்துட்டு, மரத்தோட மறைவுல முன்னாடி போயிடலாம். மதகு வந்ததும் மரம் முடியுது. அங்க வேகமெடுத்து அடிக்கிறோம்."

"அப்படியே செய்வோம்" என்றாள் யோரிண்டா. வேர்லாவுக்கு உருளைக்கிழங்கு தொண்டையில் கொஞ்சம் நின்றுதான் இறங்கியது. ஆனால் இறங்கிவிட்டது.

ஞாயிறு மதியம் மூன்றரை மணி. இன்னும் முப்பது கிலோமீட்டர். காற்று முதுகில் இருந்தது. முதுகில் காற்று இருந்தால் காற்றே இல்லை என்றுதான் தோன்றும். நூறு பெண்கள் பீட்ரூட் வயல்களுக்கு நடுவே, கார் போகும் வேகத்தில், பேசிக்கொண்டே போனார்கள். வேர்லாவும் யோரிண்டாவும் கூட்டத்தின் நடுவில், நாற்பதாவது ஐம்பதாவது ஆளாக.

பேச்சு முதலில் நின்றது முன்பக்கத்தில். பச்சைச் சட்டை போட்ட டச்சு அணிக்காரிகள் ஆறு பேர் சாலை ஓரமாக ஒருவர் பின் ஒருவராக முன்னால் ஏறிப் போனார்கள். அவர்கள் தலைவி பிரெக்டா, ஆறடி உயரம், வாய் அதைவிட நீளம். போகிற போக்கில் வேர்லாவைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்ன வேர்லா, சொந்த ஊர் வருதுன்னு வேடிக்கை பாத்துட்டு வர்றியா?"

"நீ போய் இடம் பிடிச்சு வை. நான் அப்புறமா வரேன்."

"வருவ, வருவ" என்றாள் பிரெக்டா.

அந்தச் சிரிப்பு வேர்லாவுக்குப் பிடிக்கவில்லை. பிரெக்டாவைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சும்மா பலத்தை வீணாக்குகிறவள் என்று மட்டும் சொல்ல முடியாது. பாலத்து முனைக்கு இன்னும் ஏழு கிலோமீட்டர் இருக்கும்போது எதற்கு முன்னால் போகிறாள்?

யோரிண்டா பக்கத்தில் வந்தாள். "ஏய், எல்லாரும் கிளம்பிட்டாளுங்கடி. நாம இங்க புல்லா மேயறோம்?"

"போகட்டும் விடு. மரம் இருக்கு. அங்க போய் என்ன பண்ணப் போறாளுங்க, பீர் குடிக்கவா?"

யோரிண்டா சிரித்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். அவ்வளவு நம்பிக்கையோடு ஒருத்தி தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பது வேர்லாவுக்குக் கஷ்டமாக இருந்தது. கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

இந்தப் பக்கத்து நிலம் தட்டை. பத்து கிலோமீட்டர் தள்ளி ஒரு பசு நின்றாலும் தெரிந்துவிடும். வுல்வன்டாமுக்கு மேற்கே, முனைக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், சாலை ஒரு பண்ணைவீட்டை ஒட்டி வளையும். அது அவள் அண்ணன் பாவோவின் வீடு. அவள் வீடும் அதுதான், ஆனால் ஸ்பெயினுக்குப் போனதிலிருந்து இன்னும் அங்கே கால் வைக்கவில்லை. அந்த வளைவில் நின்று கிழக்கே பார்த்தால் பாப்ளர் வரிசை வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். மரங்களுக்கு மேலே, அக்கரை மாதா கோயில் கோபுரத்தின் உச்சியில் காற்றுத் திசை காட்டும் இரும்புச் சேவல் மட்டும் தெரியும். சின்ன வயதில் பாதி நாள் அந்தச் சேவல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை வைத்துத்தான் பள்ளிக்கூடத்துக்கு எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று முடிவு செய்வாள்.

வளைவு வந்தது. பாவோ மதில் மேல் நின்றுகொண்டு, கையில் வறுத்த உருளைக்கிழங்குப் பொட்டலத்தோடு "வேர்லா! வேர்லா!" என்று கத்தினான். அவள் அவனைப் பார்க்கவில்லை. கிழக்கே பார்த்தாள்.

சேவல் தெரிந்தது. சேவலுக்குக் கீழே கோபுரம் தெரிந்தது. கோபுரத்துக் கடிகாரம் தெரிந்தது. மூன்று முப்பத்தைந்து.

ஒரு வினாடி அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. வேறு ஊர்க் கோபுரமோ? வேறு வளைவோ? பிறகு செவ்வாய்க்கிழமை பாவோ போனில் சொன்னது நினைவுக்கு வந்தது. "இப்பல்லாம் சமையல்கட்டுல உக்காந்துக்கிட்டே கோயில் கடிகாரத்துல மணி பாக்கலாம், தெரியுமா?" அவன் புதுக் கண்ணாடி போட்டிருந்தான். கண்ணாடியைப் பற்றித்தான் பீற்றிக்கொள்கிறான் என்று நினைத்து அவள் சிரித்தாள். "புதன்கிழமை வா, காட்டறேன்" என்றும் சொன்னான், பாவி. மரத்தை வெட்டிட்டாங்க என்று தமுக்கடித்த மாதிரிச் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா?

மரம் இல்லை என்றால் மறைவு இல்லை. முனை திரும்பிய அந்த நொடியே காற்று இடதுபக்கத்திலிருந்து அறையும். முன்னால் இருக்கிற எட்டுப் பத்துப் பேர் சாலைக்குக் குறுக்கே விசிறியாகச் சாய்ந்து நின்று ஒருவருக்கொருவர் காற்றை மறைத்துக்கொண்டு போய்விடுவார்கள். சாலை அகலத்துக்கு அதற்கு மேல் ஆள் கொள்ளாது. மிச்சம் தொண்ணூறு பேரும் கால்வாய்ப் பக்கத்து விளிம்பில் ஒற்றை வரிசையாகத் தொங்கிக்கொண்டு, ஒவ்வொருவராக அறுந்து விழ வேண்டியதுதான். இதைப் பிரெக்டா பார்த்திருக்கிறாள். வந்து, ஓட்டி, பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். அதனால்தான் அந்தச் சிரிப்பு.

முனைக்கு மூன்றே முக்கால் கிலோமீட்டர். இந்த வேகத்தில் நாலு நிமிஷம்கூட இல்லை.

சட்டைக் காலரில் இருந்த அணி ரேடியோவின் மைக்கை அழுத்தினாள். "யோரி, முன்னாடி போகணும். இப்பவே."

"ஏன்?"

அந்த ஒரு சொல் அவளை நிறுத்தியது. என்ன சொல்வது? வெறுமனே 'வா' என்றால் யோரிண்டா வருவாளா? நேற்று கத்தியும் முள்கரண்டியுமாக இவளே அடித்துச் சொன்னது வேறு. 'மரம் இல்லை' என்றால், புதன்கிழமை இருந்த மரம் இன்று எங்கே போனது என்று கேட்பார்கள். புதன்கிழமைக்கு அப்புறம்தான் வெட்டியிருக்க வேண்டும் என்று ஒரு பொய்யைச் சொல்லலாம். நாக்கு நுனியில் வந்தே விட்டது. ஆனால் பொய் சொன்னால் யோசிப்பார்கள், கேள்வி கேட்பார்கள், ஒவ்வொரு கேள்விக்கும் நூறு மீட்டர் போய்விடும். அணியில் ஆறு பேர் காதிலும் இது விழும். பின்னால் காரில் வருகிற லுக் காதிலும் விழும்.

"மரம் இல்ல. வெட்டிட்டாங்க. நான் புதன்கிழமை வரவே இல்ல யோரி. மழைன்னு காபிக்கடையில உக்காந்துட்டேன். பாத்தேன்னு சொன்னது பொய். முனையிலயே காத்து அடிக்கும். தயவு செஞ்சு வா."

காதில் கரகர சத்தம் மட்டும். வெட்கத்தில் முகமெல்லாம் எரிந்தது. அப்புறம் லுக்கின் குரல், காரமே இல்லாமல்.

"கேட்டேன். அத அப்புறம் பாத்துக்கலாம். யோரிண்டாவ முனைக்கு முன்னாடி முதல் பத்துக்குள்ள கொண்டு போ."

"என் முன்னாடி வா" என்றாள் யோரிண்டா.

வேர்லா எழுந்து நின்று மிதித்தாள். சாலை நிறைய ஆள். இடதுபக்கம் வாய்க்கால், வலதுபக்கம் நடைபாதை. நடைபாதை மேல் ஏறினாள். பின்னால் யோரிண்டாவின் சக்கரம் கல்லில் ஏறும் சத்தம் கேட்டது. ஊர் ஆரம்பித்துவிட்டது. பீர்க் கோப்பையும் கையுமாக நின்ற கூட்டம் அலறிக்கொண்டு ஒதுங்கியது. ஒரு ஆள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார். "ஏய் பைத்தியக்காரிங்களா!" என்று ஒரு அம்மா திட்டினாள். அவள் வேர்லாவுக்கு நாலாம் வகுப்பு டீச்சர். மன்னிப்புக் கேட்க நேரமில்லை.

முப்பதாவது. இருபத்தைந்தாவது. இரண்டு இத்தாலியப் பெண்களுக்கு நடுவே ஒரு ஹேண்டில்பார் அகலத்துக்கு இடம் இருந்தது. முழங்கையை விரித்துக்கொண்டு அதில் நுழைந்தாள். இரண்டு மொழியில் வசவு விழுந்தது, ஒன்றும் உறைக்கவில்லை. இருபதாவது. பதினாறாவது. ரொட்டிக்கடை போனது, பாலம் தெரிந்தது. அதற்கு மேல் முன்னேற வழியில்லை. முன்னால் சாலையின் அகலம் முழுக்க முதுகுகள்.

முனையில் திரும்பினாள். இடதுபக்கம் பார்த்தாள். தரைமட்டத்தில் வட்ட வட்டமாக வெளுத்த அடிமரங்கள், வரிசையாக, கண்ணுக்கெட்டிய தூரம் வரை. அதற்கப்பால் ஒன்றுமே இல்லை.

காற்று அறைந்தது.

பச்சைச் சட்டைகள் ஆறும் அந்த நொடிக்காகவே காத்திருந்தன. "போ போ போ!" என்று பிரெக்டா கத்துவது கேட்டது. அவர்கள் சாலையின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை குறுக்கே சாய்ந்து விரிந்தார்கள். கூட இன்னும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டார்கள். எட்டு பேர் கொண்ட விசிறி. வேர்லாவுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் வலதுபக்க விளிம்பில் ஒற்றை வரிசையாகத் தள்ளாடினார்கள். கைக்கெட்டும் தூரத்தில் புல், புல்லுக்கு அப்பால் கறுப்புத் தண்ணீர். முன்னால் போனவர்களில் ஒருத்தி அறுந்தாள். இடைவெளி விழுந்தது. பத்து மீட்டர், இருபது மீட்டர், ஐம்பது.

"யோரி, இருக்கியா?"

"இருக்கேன். போ."

வேர்லா இடதுபக்கம் காற்றுக்குள் வெளியே வந்தாள். அந்த ஐம்பது மீட்டரை யாரும் அவளுக்காக மறைக்கப் போவதில்லை. தலையைத் தாழ்த்திக்கொண்டாள். தொடைக்குள் நெருப்பு வைத்த மாதிரி இருந்தது, வாயில் இரும்புச் சுவை. நாற்பது மீட்டர். அடிமரங்களை எண்ண ஆரம்பித்தாள், வலி தெரியாமல் இருக்க. பதினொன்று, பன்னிரண்டு. நீதான் வரவில்லை, இப்போது எண்ணு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். இருபது மீட்டர். முப்பத்தொன்றாவது அடிமரத்தில் விசிறியின் கடைசிச் சக்கரத்தைத் தொட்டுவிட்டாள்.

கடைசியில் இருந்தவள் பச்சைச் சட்டைக்காரி. ஒவ்வொரு விசிறிக்கும் இப்படி ஒருத்தி உண்டு, கதவுக்காரி. அவள் முன்னால் போய்க் காற்று வாங்க மாட்டாள், வரிசையின் கடைசியை விட்டு நகராமல் வருகிறவர்களை உள்ளே விடாமல் பார்த்துக்கொள்வாள்.

"இடம் இல்லம்மா" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல். "கால்வாயில வேணும்னா இருக்கு."

அவள் சொன்னதும் உண்மைதான். அவளுக்கும் புல்லுக்கும் நடுவே ஒரே ஒரு சைக்கிள் போகும் இடம். வேர்லா அதில் இருந்தாள். காற்று சட்டென்று குறைந்தது. அப்பாடா என்று உடம்பு மொத்தமும் கெஞ்சியது. இங்கே இரு, இப்படியே இரு. பின்னால் யோரிண்டாவுக்கு மறைவு இல்லை. அவள் பாதிச் சக்கரம் புல்லில் ஓடிக்கொண்டிருந்தது. மூச்சு விசில் அடிப்பது வேர்லாவுக்குக் கேட்டது. இன்னும் நூறு மீட்டர் தாங்குவாள். இருநூறு தாங்க மாட்டாள்.

இதில் யோசிக்க ஒன்றும் இல்லை என்று சொல்வது சுலபம். அந்த இடத்தை விட்டால் வேர்லாவுக்கு இந்தப் பந்தயம் முடிந்தது. பந்தயத்தோடு அணியும் முடிந்தது என்று அவளுக்குத் தெரியும். இதே விசிறியில் ஒட்டிக்கொண்டு ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ வந்தால், வேறு அணிக்காரர்கள் யாராவது கூப்பிடுவார்கள். அதுவும் தெரியும். அவளுக்கு அழுகை வந்தது, காற்று அதைத் துடைத்துக்கொண்டு போனது.

"உள்ள வா" என்று கத்திவிட்டுக் கதவுக்காரியின் பின்சக்கரத்தை உரசாமல் இடதுபக்கம் விலகிக் காற்றுக்குள் போனாள். யோரிண்டா அவள் விட்ட இடத்தில் நுழைந்தாள். ஒரு வினாடி மூன்று பேரும் தோளோடு தோள் இருந்தார்கள். பிறகு விசிறி நகர்ந்து போனது. வேர்லா மட்டும் அங்கேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது, கால்கள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன.

மதகைத் தாண்டும்போது பின்னால் வந்த கூட்டம் அவளைக் கடந்தது. அதற்குப் பின்னால் வந்த கூட்டமும் கடந்தது. லுக்கின் கார் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. சன்னல் கண்ணாடி இறங்கவில்லை.

ஹாவன்கெர்க்கில் அவள் முடித்தபோது ஒலிபெருக்கிக்காரன் பேசிப் பேசித் தொண்டை கட்டிப் போயிருந்தான். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. தூரத்து மேடையில் யோரிண்டா பூங்கொத்தோடு நின்றாள், நடுவில் இருந்த உயரமான படியில். பக்கத்துப் படியில் பிரெக்டா, வேப்பங்காயைக் கடித்த முகத்தோடு. வேர்லா சைக்கிளில் சாய்ந்துகொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். சந்தோஷமாக இருந்தது. பொய்யில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

அணி பஸ்ஸின் வாசலில் அவளுடைய நீலப் பை வெளியே வைக்கப்பட்டிருந்தது. ஜிப் ஒழுங்காக மூடப்பட்டு, மேலே அவள் மழைச்சட்டை மடித்து வைக்கப்பட்டிருந்தது. லுக் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"நீ செஞ்சத நான் பாத்தேன்" என்றார். "அந்த மாதிரி ஒருத்தி ஓட்டி என் கார்ல இருந்து நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. ஆனா போன வருஷம் அந்தப் பொண்ணும் அழுதா, வேர்லா. அவள அனுப்பிட்டு உன்ன வெச்சுக்கிட்டா எனக்குச் சோறு இறங்காது."

"தெரியும்."

"ஏதாவது சொல்லேன், திட்டவாவது செய்."

"நீங்க சொன்னதத்தான் செய்யறீங்க, லுக்." அவள் பையைத் தோளில் மாட்டினாள். வார் இரண்டுமுறை நழுவியது.

மேடைப்பக்கத்திலிருந்து யோரிண்டா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வேலிப் பக்கம் நின்ற ஒரு சின்னப் பெண்ணிடம் பூங்கொத்தைக் கொடுத்துவிட்டாள். முகம் முழுக்கச் சேறு, பல் மட்டும் வெள்ளை. பையைப் பார்த்தாள், லுக்கைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் வேர்லாவிடம். "அத ஏன் ரேடியோல போட்டு உடைச்ச?"

"நீ ஏன்னு கேட்டியே."

"வாய்ப் பழக்கத்துல கேட்டேன்டி. நீ முன்னாடி போகணும்னு சொன்னப்பவே கியர மாத்திட்டேன். வான்னா வந்திருப்பேன்."

ஒரு வார்த்தை. 'வா' என்ற ஒரே ஒரு வார்த்தை போதுமாயிருந்ததாம். இவள் அந்தக் கூட்டத்தில் ஆறு பேர் காதில் தன் மானத்தைக் கொட்டிவிட்டு வந்திருக்கிறாள். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றாள். கடைசியில் இரண்டும் சேர்ந்து வந்தது.

"லுக் பண்றது சரி" என்றாள் யோரிண்டா. "நானா இருந்தாலும் அதத்தான் பண்ணுவேன். நீ எனக்குப் பொய் சொன்ன. அது எனக்கு இன்னும் வலிக்குது."

"ம்."

"வீட்டுக்கு எப்படிப் போற?"

"ஓட்டிக்கிட்டுத்தான். இருபத்தாறு கிலோமீட்டர்."

"அதே கால்வாய் ரோடுதானே? உங்க அண்ணன் வீட்டுல சாப்பிட என்ன இருக்கும்?"

"உருளைக்கிழங்கு. லீக் வெங்காய சூப் இருக்கலாம்."

"போதும். கிளம்பு." அவள் தலைக்கவசத்தைத் திரும்ப மாட்டினாள். லுக் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பத்திரிகைக்காரர்கள் காத்திருக்கிறார்கள், ஊக்கமருந்துப் பரிசோதனை இருக்கிறது என்றெல்லாம். "பரிசோதனை முடிச்சாச்சு, மத்தவங்க காத்திருக்கட்டும்" என்றாள் யோரிண்டா.

மாலை ஐந்தரைக்கு அவர்கள் மதகைத் தாண்டினார்கள். திரும்பும் வழியில் காற்று வலதுபக்கம், அடிமரங்கள் வலதுபக்கம். ஞாயிற்றுக்கிழமைக் குடும்பங்கள் கால்வாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தன. யாருக்கும் அவர்களை அடையாளம் தெரியவில்லை. யோரிண்டா சைக்கிளை வலதுபக்கம் நகர்த்திக்கொண்டாள், காற்றுக்கும் வேர்லாவுக்கும் நடுவே.

"நீ இன்னிக்கு ஜெயிச்சவ" என்றாள் வேர்லா. "நான் வரேன் அந்தப் பக்கம்."

"பேசாம வா."

வேர்லா பேசாமல் அவள் தோளின் மறைவில் மிதித்தாள். தூரத்தில் கோபுரம் அடிவரை தெரிந்தது.